கான் எங்கே போகிறது?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வெளியே மழை, கரண்டும் இரண்டு தடவை போய் வந்துவிட்டது. தேநீரை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

2024 ஒக்டோபர் 29ஆம் திகதியோடு மீரியபெத்தை மண்சரிவுக்குப் பத்து வருடம் ஆனது. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. அப்போது நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தோம். காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்கு மேலே இருந்த மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடைகள் எல்லாம் சேற்றுக்குள் போயின. முதல் இரண்டு நாள் வானொலி நூற்றுக்கணக்கில் சொன்னது, பிறகு தொகை குறைந்தது. ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனது போனதுதான், பலருடைய உடல்கூட எடுக்கப்படவில்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இல்லை, சிலருக்கு உம்மா வாப்பாவும் இல்லை. அவர்கள் வாயில் அது அம்மா அப்பா. எங்கள் பக்கத்திலிருந்தும் வேன்களில் பால்மா, பாய், உடுப்பு எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அந்த மக்கள் ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். போவதற்கு அவர்களிடம் காணி இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. நூற்றைம்பது வருடம் அந்த மலையை உழைப்பால் உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு பேர்ச் சொந்தமில்லை. மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி, ஏழு பேர்ச் காணியோடு கையளித்தது 2016இல்தான். இடைப்பட்ட இரண்டு வருடம் பலர் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு மேலே பழைய தேயிலைக் காணி ஒன்று துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்படுவது எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் வருடக்கணக்கில் உழைத்த காசு, உம்மாவின் நகை விற்ற காசு. அதைக் குறை சொல்ல வரவில்லை, நாங்களே விலை கேட்டுப் போனவர்கள்தான். ஆனால் விற்பவர் காட்டிய வரைபடத்தில் பாதை இருந்தது, கரண்ட் கம்பம் இருந்தது, தண்ணீர் இணைப்பு இருந்தது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது இருக்கவில்லை. கேட்டோம். "மலைதானே சேர், தானா ஓடிரும்" என்றார்கள்.

தானாக ஓடாது. நம் மலையில் தண்ணீர் தானாக ஓடாமல் இருக்க நூற்றெண்பது வருடம் ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

ஊவாவில் தோட்டம் என்பது முதலில் கோப்பிதான். 1830களின் கடைசியிலும் 1840களிலும் காடுகளை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். அந்தக் காலத்தில் பதுளையில் இருந்த அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் மலைகளைக் குறுக்கே வெட்டிப் பாதை போட்டார். யானை வேட்டைக்குப் பேர்போன மனிதர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அந்தக் கதை நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அவர் காலத்துப் பாதைகள் தண்ணீரின் வழியை எங்கெங்கே மாற்றின என்று கேட்டால் தெரியாது. கோப்பித் தோட்டத்தில் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டி வைப்பதுதான் நல்ல துரைக்கு அடையாளம். அப்படிச் சுரண்டிய நிலத்தில் மழை விழுந்தால் மண் ஆற்றுக்குத்தானே போகும்? 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்த பிறகு, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் ஹப்புத்தளை நகரமே 4,700 அடிதான், பதுளை 2,200. நம் சரிவுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே.

1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்து, பிறகு தேயிலை வந்தது. தேயிலையோடு கான் வந்தது என்று சொல்ல முடியாது, கோப்பிக் காலத்திலும் கான் உண்டு. ஆனால் அதை ஒரு முறையாக்கியது தேயிலை. 1931இல் மண்ணரிப்பு பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது, 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்தைவிடப் பெரியது கான் வெட்டு ஆட்களின் கை. மலைக்குக் குறுக்கே, 120 அடிக்கு ஒரு அடி மட்டும் சரிவாக ஒரு கான். அதற்குள் சில அடிக்கு ஒரு மண் தடுப்பு, கானின் கரையைவிடத் தாழ்வாக. மழைத்தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, தடுப்புக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். கடைசியில் கல் பதித்த பெரிய கானில் சேர்ந்து ஓடைக்கு இறங்கும். இன்றைக்கு நகரத் திட்டமிடலில் படம் போட்டு விளக்குகிற "தேக்கி மெதுவாக விடு" என்ற முறையை, பள்ளிக்கூடம் போகாத மனிதர் மண்வெட்டியால் செய்துவைத்திருந்தார்.

கான் வெட்டு வருடாவருடம் செய்யவேண்டிய வேலை. கொழுந்து நிறுத்துத் தெரியும், கான் நிறுத்துத் தெரியாது. செலவைக் குறைக்க நினைக்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தம், 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தது, ஆட்கள் குறைந்தது, கடைசியில் தேயிலையே கைவிடப்பட்ட மலைகள் என்று வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் சில கான்கள் மூடிப்போயின என்றுதான் ஓய்வுபெற்ற தோட்டத்து ஐயாமார் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் நம்புகிறோம்.

மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு வட்டவளை போதும். பதுளை ரயிலில் கொழும்புக்குப் போகிற எல்லோரும் அந்த இடத்தைக் கடந்திருப்போம். 1992இல் அங்கே மலை நகர்ந்து தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு போனது. பொறியியலாளர்கள் மலையைச் சுவர் கட்டி நிறுத்தவில்லை. உள்ளே நீளமாகத் துளையிட்டுக் குழாய்களைச் செலுத்தித் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். தண்ணீர் இறங்க, மலை நின்றது. மண்ணின் துகள்களுக்கு இடையே தண்ணீர் நிறைந்தால் அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப்பிடிக்கும், மண்ணின் பிடி போய்விடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற விஞ்ஞானம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 550 சதுர அடிக் கூரை என்றால் ஏறக்குறைய 51 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 5,100 லீற்றர் தண்ணீர். 1,000 லீற்றர் தாங்கி ஐந்து நிறைந்து மிஞ்சும். 75 வீடு என்றால் 3,80,000 லீற்றருக்கு மேல், அதாவது 380 தொன். முன்பு இதில் ஒரு பங்கைத் தேயிலைச் செடியும் மண்ணும் வாங்கிக்கொண்டன, மிச்சம் குழிகுழியாக இறங்கியது. தகரம் எதையும் வாங்காது. இதில் கொங்கிறீட் பாதையையும் முற்றத்தையும் நாங்கள் இன்னும் சேர்க்கவில்லை. 100 மில்லிமீற்றர் என்பது நமக்குப் புதிய மழையும் இல்லை. ஒரு நாளில் 75 தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் தயாராகவும், 150 தாண்டினால் வெளியேறவும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது.

அப்படியானால் ஒரு குளம் வெட்டித் தேக்கிவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கொழும்பில் அதுதான் செய்கிறார்கள். தியவன்னா ஓயாவைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைத் தாங்கிப் பிறகு மெதுவாக விடுகின்றன. ஆனால் சமவெளியின் மருந்தை மலைக்குக் கொடுக்க முடியாது. 380 தொன் தண்ணீர் நிற்க 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் வேண்டும். அதைச் சரிவின் நடுவில் வெட்டினால் வீடுகளின் தலைக்கு மேலே ஒரு பாரத்தையும், மண்ணுக்குள்ளே ஒரு ஊற்றையும் நாமே வைக்கிறோம். மழைத்தண்ணீரை உறிஞ்சு குழிக்குள் விடுவதும் செங்குத்தான சரிவில் அதே தவறு. மலசலகூடக் குழியை விளிம்பில் தோண்டுவதும் அப்படியே. மலையில் தண்ணீரை நிறுத்துவதென்றால் சீமெந்துத் தாங்கியில் நிறுத்தலாம், அல்லது மூடிய கானால் இறக்கி, அடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்திலுள்ள உறுதியான தட்டையான நிலத்தில் நிறுத்தலாம். இடையில் மண்ணுக்குள் விடக்கூடாது. கூரைக்குப் பீலி போட்டு வீட்டுக்கு இரண்டு தாங்கி வைத்தால் மழையின் முதல் வேகமாவது குறையும், உடுப்புக் கழுவவும் உதவும்.

ஸுபைர் (ரழி) அவர்களின் வாய்க்கால் வழக்கை ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். மேட்டில் இருப்பவர் தன் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம், எப்போது கீழே விட வேண்டும் என்பதில் வந்த பிணக்கு அது. அங்கே தண்ணீர் போதாமல் வந்த வழக்கு, இங்கே கூடிப்போய் வருகிற வழக்கு. மேட்டுக்காரருக்குக் கீழ்வீட்டாரிடம் ஒரு பொறுப்பு உண்டு என்பது இரண்டிலும் ஒன்றுதான். நம் திட்டத்தின் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? இரண்டு லயம், ஒரு முன்பள்ளி.

போன சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் முன்பு கான் வெட்டிய ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றினோம். எழுபது வயதுக்கு மேல். மானாப்புல்லுக்குள் நின்று, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, "இங்க இருக்கு தம்பி" என்றார். மண்வெட்டியால் ஒரு முழம் எடுத்ததும் பதித்த கல் தெரிந்தது. பெரிய கான். அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். நான்கு துண்டுகளைத் தாண்டி, ஐந்தாவதில் கேற் போட ஊற்றியிருக்கிற கொங்கிறீட்டுக்கு அடியில் கான் நிற்கிறது. அதற்குக் கீழேதான் முன்பள்ளி.

ஐந்தாவது துண்டுக்காரர் நம்மவர். கோபப்படவில்லை, உடைத்துக் குழாய் போடச் சம்மதித்திருக்கிறார், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. மிச்சத்துக்குத்தான் உங்கள் உதவி. 2011இலிருந்து நம் மாவட்டத்தில் கட்டுவதற்கு முன் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். துண்டு வாங்கியவர்கள் அந்தக் கடிதத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் மிச்சக் காசைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டியவர்கள், மழை முடியும் வரை மேலே கான் ஒன்று எடுத்து விடுங்கள். யார் வீட்டிலாவது அந்தத் தோட்டத்துப் பழைய வரைபடம் இருந்தால் தயவுசெய்து இன்பொக்ஸ் வாருங்கள், பிரதேச சபைக்குக் கொடுக்கிற கடிதத்தோடு சேர்க்க வேண்டும். ஐயா இன்னும் இரண்டு பெரிய கான் இருந்ததாகச் சொல்கிறார். ஒன்று பள்ளிவாசல் பக்கமாக இறங்குமாம். இந்தச் சனிக்கிழமை, மழை விட்டால், எட்டு மணிக்குப் போகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.