நெகாமா லைபோவிட்ஸ்

நெகாமா லைபோவிட்ஸ் (1905–1997): ரீகாவில் பிறந்து, ஜெர்மனியில் கற்று, 1930இல் எருசலேமில் குடியேறிய யூத வேத ஆசிரியை.

ஐந்நூலாகிய தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் வாசித்து ஓராண்டில் முடிப்பது யூத வழக்கம். 1942 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள், அந்தந்த வாரப் பகுதிக்கு வினாத்தாள் தயாரித்து அஞ்சலில் அனுப்பினார் இவர். கேள்விகள் லேசானவை அல்ல. உரையாசிரியர் ராஷியை இந்த வரியில் உறுத்தியது எது என்று கேட்பார். கிப்புட்ஸ் எனும் கூட்டுப்பண்ணைகளின் உழைப்பாளர், படைவீரர், இல்லத்தரசிகள் எனப் பலரும் விடை எழுத, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். அஞ்சல்வழிக் கல்வியில் இத்தனை பொறுமை அபூர்வம்.

1956இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். பேராசிரியராகவும் இருந்தார்; அவரது கல்லறையிலோ, அவர் விரும்பியபடி, ‘ஆசிரியை’ என்றே பொறித்திருக்கிறார்கள்.