எண் தெரியும், எல்லை தெரியாது: மலாக்கா நீரிணையின் இரு கரைகளும் புகைமூட்டத் தரவும்

2013 ஜூன் 23 அன்று ஜொகூரின் மூவார், லேடாங் மாவட்டங்களில் மலேசிய அரசு அவசரநிலை அறிவித்தது. மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 746ஐத் தொட்டிருந்தது. 300ஐத் தாண்டினாலே பேரபாயம். லேடாங் மலையடிவாரத்தில் எல்லையை ஒட்டியிருக்கும் ஆசாஹான் தோட்டப்புறம் மலாக்காவின் ஜாசின் மாவட்டம். அங்கே அவசரநிலை இல்லை.

ஐபியு என்பது 24 மணிநேரச் சராசரி. விடியலில் இறங்கும் புகை அந்த எண்ணில் முழுதாக ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டோடு பெரட்டுக் (வருகைக் கணக்கெடுப்பு) களத்தில் நின்றுவிட்டு, துறட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போகிறவருக்கு நேற்றைய சராசரியால் என்ன பயன்? அதே ஜூனில் சிங்கப்பூரை உலுக்கிய 401, மூன்று மணிநேர அளவு. பிஎம் 2.5 நுண்துகளை மலேசியக் குறியீடு சேர்த்துக்கொண்டதே 2018இல்தான். அளவுகோல்கள் வேறாக இருக்கையில் எண்களைப் பரிமாறிக்கொள்வது ஒப்புக்குச் செய்யும் காரியம்.

எண்ணை மறைத்த காலமும் உண்டு. 1997 புகைமூட்டத்துக்குப்பின் ஐபியு அளவுகள் அரசு இரகசியமாக்கப்பட்டன. சுற்றுலா கெடும் என்ற அச்சம். 2005 ஆகஸ்டில், கிள்ளான் துறைமுகத்தில் குறியீடு 500ஐத் தாண்டிய நாள்களில்தான் அந்தத் தடை விலகியது. சொந்தக் குடிமக்களிடமே மறைத்த எட்டாண்டுகள் அவை. அண்டை நாடான இந்தோனேசியா தரவு தர மறுப்பதைக் குறைசொல்லும்போது நாம் இதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

எல்லை தாண்டிய புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தாகி, 2003இல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா ஏற்புறுதி அளித்தது 2014இல். தீப்புள்ளிகளைச் செயற்கைக்கோள் காட்டுகிறது. சிங்கப்பூரிலுள்ள ஆசியான் வானிலை மையம் அவற்றை வெளியிடுகிறது. மலாக்காவின் தஞ்சோங் துவானிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இந்தோனேசியாவின் ரியாவ் மாநிலத்து ரூபாட் தீவு. அங்கே கரிமண் நிலம் எரிந்தால் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இங்கே மூச்சடைக்கும். எங்கே எரிகிறது என்பதில் குழப்பமில்லை. யாருடைய நிலம் என்பதுதான் கேள்வி. அதற்கு நில உரிமை வரைபடம் வேண்டும். 2013 அக்டோபரில் ஆசியான் தலைவர்கள் ஏற்ற கண்காணிப்பு முறை அதை நம்பியே வகுக்கப்பட்டது. ஆனால் வரைபடப் பகிர்வு அரசுக்கு அரசு, தேவைக்கேற்ப மட்டுமே என்று சுருங்கிப்போனது. இந்தோனேசியா மட்டுமா தயங்கியது? மலேசியாவும் தன் தோட்டங்களின் எல்லைகளைப் பொதுவில் வைக்கவில்லை. அவ்வாண்டு இந்தோனேசியா பெயர் சொன்ன நிறுவனங்களில் மலேசிய முதலீட்டு நிறுவனங்களும் இருந்தன. இரகசியம் யாரைக் காக்கிறது என்பதை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

மலேசிய அரசமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். தன் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களின் எல்லைகளை மலாக்கா அரசு தானாகவே வெளியிட்டால், ரியாவ் மாநிலத்திடமும் அதையே கேட்கும் தகுதி அதற்குக் கிடைக்கும். புத்ராஜெயாவிலுள்ள கூட்டரசு கேட்பதற்கு அந்தத் தகுதி இதுவரை இல்லை.