ஷார்ட்ஹேண்டிலிருந்து மேக்ரோ வரை: ஒரு மாட்டுங்கா கணக்கு

மாட்டுங்கா என்றதும் நம்மவர்களுக்கு இட்லியும் ஃபில்டர் காபியும் சண்முகானந்தா ஹாலும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பேட்டைக்குச் சோறு போட்டது டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கமிருந்து லோயர், ஹையர் சர்டிபிகேட்டோடு ரயிலேறியவர்கள் பம்பாய் ஆபீஸ்களில் ஸ்டெனோவாக, கணக்கராக உட்கார்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1932-லேயே இங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் (எஸ்.ஐ.இ.எஸ்.) தொடங்கப்பட்டது.

ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட சுருக்கெழுத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அடிக்கடி வரும் சொல்லுக்கு ஒரே ஒரு குறி. கடிதத்துக்குக் கடிதம் வரும் சம்பிரதாய வரிகளுக்குக் கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை சுருக்கி வைத்துக்கொள், அப்புறம் ஒரே அசைவில் முடி. இன்று எக்செல்லில் மேக்ரோ என்கிறோமே, அதுவும் இதே யோசனைதான்!

1979-ல் விசிகால்க் வந்தது, 1983-ல் லோட்டஸ் 1-2-3. லோட்டஸில், தட்ட வேண்டிய விசைகளை வரிசையாகக் கட்டத்துக்குள் எழுதி ஒரு எழுத்தைப் பெயராக வைத்துவிட்டால், ஆல்ட்டோடு அந்த எழுத்தைத் தட்டினால் போதும். 1993-ல் எக்செல்லுக்குள் விபிஏ வந்தது.

அதே 1983-ல்தான் நம் வங்கிகளில் இயந்திரமயமாக்கல் பற்றித் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ரிசர்வ் வங்கி துணை கவர்னராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. குமாஸ்தா வேலையை நம்பியிருந்த வீடுகளுக்கு இது சின்ன விஷயமா? தென்னிந்தியர்கள் ஆபீஸ் வேலைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1966-ல் பிறந்த சிவசேனா கிளப்பிய எதிர்ப்பையும் பார்த்த வீடுகள் அவை. இப்போது வேலைக்குப் போட்டியாக மெஷினே வந்து நின்றது!

ஸ்டெனோ வேலை மெல்லத் தேய்ந்தது உண்மை. ஆனால் எந்தத் தொகை ஏன் எந்தப் பத்தியில் போகிறது என்று தெரிந்தவருக்கு வேலை இருந்தது. ஏன் என்பது மேக்ரோவைத் தொட்டுப் பார்த்தாலே புரியும்.

மாதாமாதம் செய்யும் ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யும் படிகளை முதலில் தாளில் எழுதுங்கள். கோப்பின் நகலைத் திறந்து, 'வியூ' பகுதியில் மேக்ரோஸ், ரெக்கார்டு மேக்ரோ. வேலையை ஒருமுறை செய்து ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். அடுத்த முறை ஆல்ட்டும் எஃப்8-ம் தட்டி ஓட்டலாம். நகல் எதற்கு என்றால், மேக்ரோ செய்ததை அன்டூ போட்டு மீட்க முடியாது. சேமிக்கும்போது மேக்ரோ உள்ள கோப்பு வகையைத் (எக்ஸ்எல்எஸ்எம்) தேர்ந்தெடுங்கள்.

இந்த மாதம் 50 வரிகளைத் தேர்ந்தெடுத்து ரெக்கார்டு செய்திருந்தால், அது அந்த 50 வரிகளையே பிடித்துக்கொள்ளும். அடுத்த மாதம் 60 வரி வந்தால் கடைசி 10 வரி கூட்டலில் வராது. மெஷின் முணுமுணுக்கவும் செய்யாது. "மீதி 10 எங்கேப்பா?" என்று கேட்க, கணக்கு தெரிந்த ஒரு ஆள் வேண்டும். நம் பெரியவர்கள் ரயிலேறும்போது சர்டிபிகேட்டோடு கொண்டுவந்தது அந்தக் கண்ணைத்தான். பிள்ளைகளுக்கு மேக்ரோ சொல்லிக்கொடுங்கள், கூடவே அதையும்.