தண்ணீர் தேடிப் போன விளையாட்டு

2161 டிசம்பர் மாதம். கலிஃபோர்னியாவில் மலையைக் குடைந்து கட்டிய ஒரு நிலவறையில், குடிநீர் இயந்திரத்தின் சிப் பழுதாகிவிடுகிறது. 2077இல் நடந்த அணு ஆயுதப் போருக்குத் தப்பியவர்களின் சந்ததியினர் அங்கேயே பிறந்து, வெயில் படாமல் வளர்ந்தவர்கள். இருப்பில் உள்ள தண்ணீர் 150 நாள் தாங்கும். மாற்று சிப் தேடி ஒருவரை வெளியே அனுப்புகிறார்கள். அவர் போனதும் இரும்புக் கதவு மூடிக்கொள்கிறது. எதிரே இருண்ட குகை. அதில் எலிகளும் ஒரு எலும்புக்கூடும்.

1997 அக்டோபரில் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’ என்ற கணினி விளையாட்டு இப்படித் தொடங்குகிறது. உலகம் அழிந்த பின் நடக்கும் கதைகளைச் சொல்லும் விளையாட்டுகள் அதன் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. பெரும்பாலானவை இடிபாடுகளை அழகாகக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஃபால்அவுட்டின் அக்கறை இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி குடும்பம் நடத்தும் மனிதர்கள்மீது. தண்ணீரை யார் விற்கிறார்கள், எது பணமாகச் செல்லுபடியாகிறது, ஊரில் யார் வைத்தது சட்டம் என்று அது விசாரிக்கிறது. வெளியாள் ஒருவர் அதில் தலையிட்டால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதை ஒன்று விடாமல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அது இன்றும் பேசப்படுவதற்கு முதல் காரணம் இந்த நினைவுதான்.

அந்த நினைவுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1985இல் ‘பார்ட்ஸ் டேல்’ விளையாட்டால் பெயர் பெற்ற இன்டர்பிளே, 1988இல் ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற விளையாட்டை உருவாக்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வெளியிட்டது. நிறுவனர் பிரையன் ஃபார்கோ இயக்கினார்; ஆலன் பாவ்லிஷ் நிரல் எழுதினார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளை வடிவமைத்துத் தேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரேயும் மைக்கேல் ஸ்டாக்போலும் சேர்ந்துகொண்டார்கள். அணுப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பாலைவனத்தில் காவல் செய்யும் ரேஞ்சர்களின் கதை அது. கூட வரும் ஆட்கள் சில நேரம் சொன்ன பேச்சைக் கேட்க மறுப்பார்கள். ஆட்டக்காரர் ஒரு ஊரில் செய்தது எல்லாம் ஃபிளாப்பி வட்டிலேயே எழுதப்பட்டுவிடும். கொன்ற ஆள் திரும்பி வரமாட்டார். இடித்த சுவர் இடிந்தபடியே கிடக்கும். அன்றைய விளையாட்டுகள் பலவற்றில், ஒரு இடத்தை விட்டு வெளியேறித் திரும்பினால் எல்லாம் பழையபடி நிமிர்ந்து நிற்கும்.

வட்டில் இடம் போதாததால் வேஸ்ட்லேண்டின் நீண்ட பத்திகளைத் தனிப் புத்தகமாக அச்சிட்டு, விளையாட்டோடு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட இடம் வந்ததும் இத்தனையாவது பத்தியைப் படி என்று திரை சொல்லும். முன்கூட்டியே புரட்டிப் பார்ப்பவர்களைத் திசைதிருப்ப, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய ஒரு பொய்க் கதையையும் இடையிடையே செருகியிருந்தார்கள்.

வேஸ்ட்லேண்டின் இரண்டாம் பாகத்தை எடுக்க இன்டர்பிளேயிடம் உரிமை இல்லை. அந்த ஏக்கம் ஒன்பது ஆண்டுகள் கழித்து ஃபால்அவுட்டாக உருவெடுத்தது.

1994இல் டிம் கெய்ன் என்ற நிரலாளர் இன்டர்பிளேயில் கிட்டத்தட்டத் தனியாளாக ஒரு விளையாட்டு எஞ்சினை எழுதிக்கொண்டிருந்தார். வேலை நேரம் முடிந்த பின் பீட்சா வாங்கி வைத்து, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சக ஊழியர்களை அழைத்தார். வந்தது சிலர்தான். அப்படிக் கூடியவர்களிடமிருந்துதான் விளையாட்டின் உலகம் உருப்பெற்றது. கலை இயக்குநர் லியோனார்ட் போயார்ஸ்கி அதற்கு ஒரு முகம் கொடுத்தார். 1950களின் அமெரிக்கா எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்ததோ அந்த எதிர்காலம் அப்படியே நிஜமாகி, பிறகு எரிந்து போனால் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதனால்தான் இந்த 2161இல் வால்வு வைத்த கணினிகளும், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும், பல் தெரியச் சிரிக்கும் விளம்பரப் பையனின் படமும் இருக்கின்றன. தொடக்கக் காட்சியில் இங்க் ஸ்பாட்ஸ் குழு 1940இல் பாடிய ‘மேபி’ என்ற காதல் பாட்டு ஒலிக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியில் கவசம் அணிந்த ஒரு சிப்பாய், மண்டியிட்ட கைதியைச் சுட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறான்.

அந்தக் காட்சி நிறுவனத்துக்கு ஒரு பெரிய சிக்கலை உண்டாக்கியது. ஃபால்அவுட் முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் ‘கர்ப்ஸ்’ என்ற மேசை விளையாட்டு விதிமுறையை உரிமம் வாங்கி அதன்மீது கட்டப்பட்டு வந்தது. அவர்களுக்கு இந்த வன்முறை பிடிக்கவில்லை. 1997 தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. வெளியீட்டு ஆண்டில் இன்டர்பிளே குழுவினர் விதிமுறையே இல்லாமல் நின்றார்கள். கிறிஸ் டெய்லர் அவசர அவசரமாக ஒரு மாற்று விதிமுறையை வகுத்தார். வலிமை, கூர்ந்து நோக்கும் திறன், தாங்கும் சக்தி, கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் ஆகிய ஏழு குணங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘ஸ்பெஷல்’ ஆயின. நெருக்கடியில் பிறந்த அந்த ஏழும் இன்றுவரை இந்தத் தொடரின் அடித்தளமாக இருக்கின்றன.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற புகழ்பெற்ற மேசை விளையாட்டின் உரிமம் நிறுவனத்தின் கைக்கு வந்தபோது இந்தத் திட்டத்தையே கைவிடும் பேச்சு எழுந்தது. கெய்ன் மன்றாடித்தான் காப்பாற்றினார். பிறகு ‘டயாப்ளோ’ என்ற வேகச் சண்டை விளையாட்டு விற்பனையில் கொடிகட்டிப் பறந்ததும், முறைவைத்து ஆடும் சண்டையை எடுத்துவிட்டு வேகமாக ஓடவிடலாமே என்ற வற்புறுத்தல் வந்தது. அதையும் தாக்குப்பிடித்தார்கள்.

‘ஸ்பெஷல்’ விதிமுறையின் ஏழு குணங்களை விளையாட்டு எவ்வளவு நேர்மையாக நடத்துகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அறிவை 3 அல்லது அதற்குக் கீழே வைத்துத் தொடங்கினால், கதாநாயகனால் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் பேச முடியாது. உறுமலும் அரைகுறைச் சொல்லும்தான் வரும். பேரம் பேச முடியாது. பல வேலைகள் அவரை நம்பிக் கொடுக்கப்படவே மாட்டா. பேச்சில் வல்லவராகப் படைத்துக்கொண்டால், துப்பாக்கியைத் தொடாமல் கடக்கக்கூடிய இடங்கள் ஏராளமாக இருக்கும். அந்தக் காலத்தில், இப்படிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் எண்கள் பெரும்பாலும் சண்டைக்கே பயன்பட்டன. ஃபால்அவுட்டில் எண் என்பது ஆளின் குணம்.

நெக்ரோபோலிஸ் என்ற ஊரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பேக்கர்ஸ்ஃபீல்டின் இடிபாடுகள்தான் அது. அங்கிருந்த நிலவறையின் கதவு சரியாக மூடாமல் போனதால் உள்ளே இருந்தவர்களைக் கதிர்வீச்சு தாக்கியது. தோல் கருகி உரிந்தும் உயிர் போகாமல், பல தலைமுறைக் காலம் வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்களின் ஊர் இது. கதாநாயகன் தேடி வந்த சிப் இவர்களுடைய நிலவறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிக்கொண்டு கிளம்பலாம்; சொந்த ஊர் பிழைத்துவிடும், இவர்களுடைய குடிநீர் நின்றுவிடும். சாக்கடைக்குள் ஒதுங்கி வாழும் சிலர் இன்னொரு வழியைச் சொல்கிறார்கள்: பழுதான பம்பு ஒன்று இருக்கிறது, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுத்துப் போ. உதிரி பாகங்களைத் தேடி அந்தச் சாக்கடையிலேயே அலைய வேண்டும். பழுதுபார்க்கும் திறமையும் வேண்டும். இதைச் செய் என்று அம்புக்குறி எதுவும் வழிகாட்டாது. பம்பைப் பற்றிக் கேள்வியே படாமல் சிப்போடு ஊர் திரும்பிய ஆட்டக்காரர்கள் உண்டு.

தண்ணீர் நெருக்கடிக்கு விளையாட்டு இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஹப் என்ற சந்தை நகரத்தில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்த நகரத்து வணிகர்களின் வாக்குறுதியால்தான் சோடா பாட்டில் மூடிகள் நாணயமாகப் புழங்குகின்றன. 2000 மூடி கொடுத்தால் நிலவறைக்குத் தண்ணீர் வண்டிகளை அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். உதவிதான் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியத்தால் நிலவறையின் இருப்பிடம் வெளியே கசிந்து, எதிரிப் படை அதைக் கண்டுபிடிக்கும் நாள் முன்னால் வந்துவிடுகிறது. வணிகப் பாதை என்றால் செய்திப் பாதையும்தான் என்பதை விளையாட்டு ஒரு வரி உபதேசமும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

அந்தப் படையின் தலைவனைச் சந்திக்கும் உச்சம் கதீட்ரல் என்ற கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. மாஸ்டர் எனப்படும் எதிரி ஒரு காலத்தில் மனிதன். இப்போது சதையும் கணினியும் கலந்த ஒரு பிண்டம். பேசும்போது ஒரே வாக்கியத்துக்குள் குரல்கள் மாறிக்கொண்டே இருக்கும். மனிதர்களை எல்லாம் சூப்பர் மியூட்டன்ட் என்ற உருமாறிய உயிர்களாக மாற்றிவிட்டால் பிரிவினை ஒழியும், போர் ஓயும் என்று அவன் மனதார நம்புகிறான். அவனை ஆயுதத்தால் வீழ்த்தலாம்; அங்குள்ள அணுகுண்டை இயக்கிவிட்டு ஓடலாம். மூன்றாவது வழி பேச்சு. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் அமைப்பின் ஆய்வாளர் விரீ, இறந்த மியூட்டன்ட்களை அறுத்துப் பார்த்து அவர்களுக்குச் சந்ததி உண்டாகாது என்று பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச்சுத் திறனும் அறிவும் துணைநிற்க மாஸ்டரிடம் வாதாடினால் அவன் சோதித்துப் பார்க்கிறான். உண்மை என்று தெரிந்ததும் உடைந்துபோகிறான். இத்தனை பேரை வதைத்ததெல்லாம் வீண் என்பதை உணர்ந்து, தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான், கதாநாயகனைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு. கணினி விளையாட்டுகளில் கடைசி எதிரியை ஒரு ஆராய்ச்சி முடிவால் தோற்கடிக்க முடிந்த இடங்கள் மிக அரிது. இதைவிட நேர்த்தியான இன்னொன்று இல்லை.

வெற்றியோடு ஊர் திரும்புபவருக்கு மாலை மரியாதை கிடையாது. நீ உள்ளே வந்தால் இளைஞர்கள் எல்லாரும் உன்னைப் போலவே வெளியே கிளம்பிவிடுவார்கள் என்று சொல்லி நிலவறைத் தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. துணைக்கு வரும் இயன் பின்னாலிருந்து சுடும் தோட்டா கதாநாயகனின் முதுகிலேயே பாயும். பையில் உள்ள பொருள்களை வரிசையாக உருட்டித் தேடுவது அலுப்பான வேலை. முதல் பதிப்பில் கதை முழுவதற்கும் 500 நாள் என்ற கெடு மறைந்திருந்தது. ஆட்டக்காரர்கள் நொந்துபோனதால் திருத்தப் பதிப்பில் அதை 13 ஆண்டாக நீட்டினார்கள். ஆனால் அந்த 150 நாள் கெடுவைக் குறையாகச் சொல்பவர்களோடு உடன்பட முடியாது. நாட்காட்டி நகர்வதால்தான் தாகம் நிஜமாகிறது.

1998 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தை உருவாக்கியவர்களான கெய்ன், போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் அதற்குள் விலகி ட்ரோய்கா கேம்ஸைத் தொடங்கியிருந்தார்கள். அவசரத்தில் முடித்த விளையாட்டு என்பது அதன் பிழைகளிலும், அளவுமீறிய சினிமா நகைச்சுவையிலும் தெரிகிறது. ஆயினும் நினைவு வைத்துக்கொள்ளும் பண்பு இதில் இன்னும் விரிந்தது. முதல் பாகத்தில் ஷேடி சாண்ட்ஸ் ஒரு சின்னக் கிராமம். அதன் தலைவர் ஆரதேஷ் பேச்சுக்கு இடையே தர்மா என்ற பெரியவரின் வாக்கை எடுத்துச் சொல்வார். கொள்ளையர் கடத்திப்போன அவருடைய மகள் டாண்டியை மீட்டுவருவது கதாநாயகன் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று. 80 ஆண்டு கழித்து, 2241இல் அந்தக் கிராமம் நியூ கலிஃபோர்னியா குடியரசின் தலைநகரம். முதியவளான டாண்டி அதன் ஜனாதிபதி. பாட்டில் மூடிகள் செல்லாக்காசாகி, குடியரசின் டாலர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே பாகத்தில் கெக்கோ என்ற ஊரின் அணு உலையிலிருந்து கசியும் கழிவு, பக்கத்திலுள்ள வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. உலையைப் பழுதுபார்ப்பதா, அந்த ஊரையே ஒழிப்பதா என்ற கேள்வி ஆட்டக்காரர்முன் வைக்கப்படுகிறது. எழுதிய குழு மாறியும் கதையின் மையத்தில் தண்ணீர்தான் நின்றது.

பிறகு இன்டர்பிளே கடனில் மூழ்கியது. 2003 டிசம்பரில், இரண்டாம் பாகத்தை உருவாக்கிய அதன் பிளாக் ஐல் பிரிவு மூடப்பட்டது. பாதி வளர்ந்திருந்த மூன்றாம் பாகமும் அதோடு போயிற்று. பெதஸ்டா நிறுவனம் 2007இல் ஃபால்அவுட் உரிமையை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கி, 2008இல் முப்பரிமாணத்தில் தன் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. புதிய ரசிகர்கள் பெருகினார்கள். பிளாக் ஐலின் பழைய ஆட்கள் தொடங்கிய அப்சிடியன் நிறுவனம் 2010இல் ‘நியூ வேகஸ்’ செய்தபோது, ஹூவர் அணை யார் கையில் என்ற கேள்வியோடு பழைய அக்கறை திரும்பி வந்தது. தொடரின் பிற்காலப் படைப்புகளில் அதுவே சிறந்தது. வேஸ்ட்லேண்டுக்கும் விடிவு பிறந்தது. 2012இல் ஃபார்கோ ரசிகர்களிடமே கையேந்தி சுமார் 29 லட்சம் டாலர் திரட்டி, 2014இல் அதன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார்.

2024இல் வந்த அமேசான் தொடரைப் பார்த்துவிட்டு இந்த உலகத்துக்குள் வருபவர்கள், புதியவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு 1997இன் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும். எந்தச் சாதாரண மடிக்கணினியிலும் அது ஓடும். வழிகாட்டிக் குறிப்பு எதையும் முன்னால் படிக்க வேண்டாம். பேச்சுத் திறனில் புள்ளிகளைத் தாராளமாகப் போடுங்கள். நெக்ரோபோலிஸுக்குப் போனால் சிப்பில் கை வைக்கும் முன் பம்பைச் சரிசெய்து கொடுங்கள்.