கொழுந்துக்காரியின் 0.8

மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளை, பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ எழுதி வாங்கியது 1877 ஜூலை 11. பள்ளிவாசல் என்ற ஊர் வழியாக ஏறிப் போகிறவர்கள் இன்று பார்க்கும் தேயிலைச் சரிவுகளின் கதை அந்தப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது. அதே ஆண்டு மலைக்குக் கிழக்கே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துச் சனங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் சாலையோரங்களில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்கச் சென்னைக்கு வந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேலே ஓர் அணாவும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் கொதித்தார்: உழைக்கும் உடம்புக்கு இது பற்றாது, தானியத்தைக் கூட்டுங்கள், பருப்பும் காய்கறியும் சேருங்கள் என்று வாதாடினார். ஒரு பவுண்டு அரிசி என்பது 454 கிராம். இன்றைய அட்டவணையை வைத்துப் பெருக்கினால் சுமார் 1,560 கலோரி. சாப்பாட்டைக் கலோரியில் எண்ணும் பழக்கம் அன்று இல்லை. அமெரிக்காவின் ஆட்வாட்டர் மாவுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று கணக்குப் போட்டது 1890களில். ஆனால் சண்டை அதே சண்டைதான். அடுத்தவன் வயிற்றுக்கு எவ்வளவு போதும் என்று யார் சொல்வது?

பின்னால் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கம் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். போடிநாயக்கனூர் வழியாக மலையேறிய குடும்பங்கள் லயங்களில் அடுப்பு மூட்டின. அந்த அடுப்பில் என்ன வெந்தது என்று எடைபோடும் வேலை இன்னொரு தேயிலை மலையில் ஆரம்பித்தது.

குன்னூரில் 1918 முதல் ராபர்ட் மெக்கேரிசன் சத்துக்குறைவு நோய்களை ஆராய்ந்தார். சீக்கியர் சாப்பாட்டை ஓர் எலிக்கூட்டத்துக்கும் சென்னைக்காரர் சாப்பாட்டை இன்னொன்றுக்கும் போட்டுப் பார்த்ததில், கோதுமை ரொட்டியும் பாலும் தின்ற எலிகள் கொழுத்தன, நம்மூர்ச் சோறு தின்றவை சோடை போயின. 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் எலியை விட்டு மனிதரின் சமையலறைக்கு வந்தார். 1937இல் அவர் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைதான் பின்னால் வந்த கணக்குகளுக்கெல்லாம் மூலம். ஆய்வகம் 1958இல் ஹைதராபாத் போயிற்று. நம் டயட்டீஷியன்கள் ‘நூறு கிராம் அரிசிக்கு 345’ என்பதும் அந்தப் பரம்பரைக் கணக்குதான்.

வீட்டுச் சாப்பாட்டை அளக்கும் முறை எளிது. உலையில் போடுமுன் அரிசி, பருப்பு, எண்ணெயை நிறுக்க வேண்டும். வெந்த பிறகு நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து ஏமாற்றும். 150 கிராம் அரிசி ஏறக்குறைய 520 கலோரி; ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் 45; நூறு கிராம் மரவள்ளிக்கிழங்கு 157. கூட்டிய தொகையைத் தலை எண்ணிக்கையால் வகுப்பதில்லை, ‘யூனிட்’டால் வகுப்பார்கள். ஆண் 1, பெண் 0.8, பிள்ளை 0.6.

இந்த 0.8 ஆய்வகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு வரையறை வகுத்தது. அய்க்ராய்ட் கணக்குப்படி யூனிட்டுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு மூன்று யூனிட், ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலியவற்றுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். கூடவே ஒரு நிபந்தனை: சம்பாதிப்பவர் ஒருவர், மனைவியின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு இது நல்லது. பெண்டாட்டி சம்பாதிக்கிறாளே என்று முதலாளி கூலியைக் குறைக்க முடியாது. தேயிலைத் தோட்டத்திலோ கொழுந்து எடுப்பதே பெரும்பாலும் பெண்கள்தான். கணக்கில் அவள் ஒரு தொழிலாளியின் மனைவி, 0.8. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1991இல், ரெப்டகாஸ் பிரெட் வழக்கில்.

2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தது அந்த 0.8கள்தான். தினக்கூலி 232 ரூபாய், எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோ. அந்த நேரத்தில் போனஸும் 10 சதவீதமாகக் குறைந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே அண்டவிடாமல் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. 500 ரூபாய் கேட்ட கூலி, அக்டோபரில் 301 ஆனது.

ஐ.சி.எம்.ஆரின் 2020 அட்டவணையில், மிதமான வேலை செய்யும் ஆணுக்கு 2,710 கலோரி, கடும் வேலை செய்யும் பெண்ணுக்கு 2,720. கூலிக் கணக்கில் பெண்ணுக்கு விழுவதோ 2,700இல் 0.8 பங்கு, 2,160. சரிவில் கூடையோடு ஏறி இறங்குவதை எந்த வேலையில் சேர்ப்பது என்று கொழுந்துக்காரியைக் கேட்டால் உடனே சொல்வாள். 2019இல் மத்திய அரசின் நிபுணர் குழு, கலோரியை 2,400ஆகக் குறைத்துக் குடும்பத்தை 3.6 யூனிட்டாகக் கூட்டச் சொன்னது. அதன்பின் வந்த ஊதியச் சட்ட வரைவு விதிகள் அதைத் தொடவில்லை: அதே 2,700, அதே மூன்று யூனிட். கஜம் மட்டும் மீட்டராகி, துணி 66 மீட்டர் என்று இருக்கிறது.