எல். சங்கர்: யாழ்ப்பாண வயலினும் நுட்பப் பொப் இசையும்

எல். சங்கர் (பிறப்பு: 26 ஏப்ரல் 1950, சென்னை) கர்நாடக வயலின் கலைஞர், பாடகர், இசையமைப்பாளர். இவருடைய குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினுடன் சேர்ந்து ‘சக்தி’ குழுவைத் தொடங்கியவர். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கியவர். பிராங் சாப்பா, பில் காலின்ஸ், பீற்றர் கேப்ரியல் ஆகியோரின் இசைத்தட்டுகளில் இவருடைய வில் ஒலிக்கிறது. ‘தி எபிடெமிக்ஸ்’ என்ற பெயரில் தானே ஒரு பொப் குழுவையும் நடத்தினார். புரோகிரசிவ் றொக் கேட்டு வளர்ந்தவர்கள் விரும்பும் நுட்பமான பொப் இசையின் வரலாற்றில் ஈழத்தோடு மிக நெருங்கிய தொடர்புடைய பெயர் இவருடையதே.

நுட்பப் பொப்: தோற்றம்

1970களின் முற்பாதியில் பிரித்தானியாவின் புரோகிரசிவ் றொக் குழுக்கள் பாட்டை நீட்டிக்கொண்டே போயின. ஜெனசிஸ் குழு 1972இல் வெளியிட்ட ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறக்குறைய 23 நிமிடம் ஓடி, இசைத்தட்டின் ஒரு பக்கத்தைப் பெரும்பாலும் நிரப்பியது. பத்தாண்டின் பிற்பகுதியில் போக்கு திரும்பியது. பழைய நுட்பங்களைக் கைவிடாமல், அவற்றை நான்கைந்து நிமிடப் பாட்டுக்குள் அடக்கும் முயற்சி வலுத்தது. டென் சிசி, சூப்பர்ட்ராம்ப், கேற் புஷ், எக்ஸ்டிசி போன்றவர்கள் இந்த வகையில் குறிப்பிடத்தக்கவர்கள்.

1977இல் பீற்றர் கேப்ரியல் வெளியிட்ட ‘சொல்ஸ்பரி ஹில்’ இதற்குத் தெளிவான சான்று. வானொலியில் ஓயாமல் ஒலித்த அந்தப் பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மேற்கத்தியப் பொப் கேட்போருக்கு அது புதுமை. கர்நாடக இசை படிக்கும் பிள்ளையோ அலங்கார வரிசையிலேயே திஸ்ர ஜாதி திரிபுடையைப் போட்டு, மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழை எண்ணிப் பழகிவிடுகிறது. புரோகிரசிவ் றொக் தேடி அடைந்த தாளக் கணக்கு ஒரு மரபில் பாலபாடமாகவே இருந்தது. அந்த மரபில் வளர்ந்த ஒருவர் பொப் இசைக்குள் நுழைந்ததன் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணம், 1958 வரை

சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றினார். தாய் சீதாலட்சுமி பாடுவார், வீணையும் வாசிப்பார். பிள்ளைகளுக்கு வீடே முதல் பள்ளிக்கூடம். சங்கர் ஐந்து வயதில் வயலினைக் கையில் எடுத்தார். ஏழு வயதில் இலங்கைக் கோவில் ஒன்றில் முதல் கச்சேரி செய்தார். அதே வயதில் மிருதங்கப் பயிற்சியும் தொடங்கியது. லயத்தைத் தோல்வாத்தியம் வழியாகவே பழகியது பின்னாளில் அவர் அமைத்த பாட்டுகளுக்கெல்லாம் அடித்தளமானது.

தந்தைக்கு ஒரே பெருவிருப்பம் இருந்தது. கர்நாடகக் கச்சேரி மேடையில் வயலின் பக்கவாத்தியம். பாடகரின் நிழலாகத் தொடர்வதே அதன் வேலை. அதைத் தனித்து நின்று வாசிக்கும் வாத்தியமாக உலகம் ஏற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூன்று மகன்களின் வாழ்க்கையும் அந்த விருப்பத்தைப் பின்தொடர்ந்து சென்றது.

1958 மே மாதம் இலங்கையில் வெடித்த இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னை சென்றது. மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி 1960இல் எழுந்து, மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் அங்கு வந்து கற்பித்தபோது லட்சுமிநாராயண ஐயரின் பிள்ளைகள் குடாநாட்டில் இல்லை. ஒரு கலவரம் யாழ்ப்பாணத்தின் இசைக்கு இழைத்த இழப்பை இதைக்கொண்டும் அளக்கலாம்.

சென்னையிலிருந்து சக்திக்கு

சென்னையில் மூன்று சகோதரர்களும் ஒரே மேடையில் வாசித்து ‘வயலின் மூவர்’ எனப் பெயர் பெற்றார்கள். பின்னர் வழிகள் பிரிந்தன. வைத்தியநாதன் திரைப்பட இசையமைப்பாளர் ஆனார். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987), தொலைக்காட்சித் தொடரான ‘மால்குடி டேஸ்’ ஆகியவற்றின் இசை அவருடையது. மருத்துவம் படித்த சுப்பிரமணியம் வயலினையே தொழிலாக்கி உலகெங்கும் கச்சேரி செய்தார். இயற்பியலில் பட்டம் பெற்ற சங்கர் 1969இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் சென்று இன இசையியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கேதான் ஜோன் மக்லாக்லினைச் சந்தித்தார். மக்லாக்லினின் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா அப்போது புரோகிரசிவ் றொக் ரசிகர்கள் கொண்டாடிய குழு. மின்கிற்றாரின் பேரொலியே அதன் முகம். சங்கர், சாகிர் உசைன், டி. எச். விக்கு விநாயக்ராம், இராமநாதபுரம் ராகவன் ஆகியோருடன் மக்லாக்லின் தொடங்கிய சக்தியில் மின்கருவியே இல்லை. 1975 ஜூலை 5ஆம் திகதி மேடையில் பதிவான முதல் இசைத்தட்டில் ‘ஜோய்’ என்ற உருப்படி பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. கிற்றாரும் வயலினும் ஒரே சொற்கட்டை மாறி மாறிப் பிடித்து, இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வந்து, கோர்வையில் ஒன்றாக இறங்குகின்றன. தனி ஆவர்த்தனத்தின் கணக்குத் தெரிந்தவருக்கு அந்த இறக்கம் எந்த இடத்தில் விழும் என்பது முன்கூட்டியே புலப்படும். தெரியாதவரையும் அது இருக்கை நுனிக்குக் கொண்டுவந்துவிடும்.

1977இல் வந்த மூன்றாவது இசைத்தட்டான ‘நச்சுரல் எலிமென்ற்ஸ்’ வேறு பாதையில் சென்றது. அதில் எந்த உருப்படியும் ஏழு நிமிடத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஒன்று இரண்டே நிமிடம். அதே கணக்கைப் பாட்டின் அளவுக்குள் அடக்கும் பழக்கம் சங்கருக்கு இங்கேயே தொடங்கிவிட்டது.

சாப்பாவும் பதின்மூன்று அட்சரமும்

சக்தி கலைந்த 1978இல் சங்கர் பிராங் சாப்பாவுடன் சேர்ந்தார். அந்த ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி நியூயோர்க்கின் பலேடியம் அரங்கில் இருவரும் வாசித்த ‘தேர்ட்டீன்’ என்ற உருப்படி பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட சுற்றில் நடக்கிறது. கர்நாடக முறையில் சங்கீர்ண ஜாதி திரிபுடைக்கும் பதின்மூன்று அட்சரம். நம் கச்சேரிகளிலேயே அபூர்வமாகக் கேட்கக் கிடைப்பது. றொக் ரசிகர்கள் நிறைந்த அரங்கில், கொண்டாட்டமான ஓர் இரவில் அந்தச் சுற்று இயல்பாக ஓடியது. இந்தப் பதிவு 1992இல் சாப்பாவின் மேடைப் பதிவுத் தொகுப்பு ஒன்றில் வெளிவந்தது.

1979இல் சாப்பா தயாரித்து வெளியிட்ட ‘ரச் மீ தெயர்’ சங்கரின் முதல் பொப் முயற்சி. சைமன் பிலிப்ஸ் டிரம்ஸ் வாசித்தார். இதிலுள்ள ‘டெட் கேர்ள்ஸ் ஒவ் லண்டன்’ பாட்டை முதலில் வான் மொரிசன் பாடினார். அந்தக் குரலை வெளியிட முடியாமற்போகவே சாப்பாவும் ஐக் வில்லிசும் திரும்பப் பாடினார்கள். நையாண்டிப் பாட்டும், வயலின் மட்டுமே பேசும் மெல்லிய உருப்படிகளும் அடுத்தடுத்து வரும் இந்த இசைத்தட்டு ஒரே மனநிலையில் நிற்பதில்லை. ஆனாலும் பக்கவாத்தியக்காரரின் மகன் முதன்முறையாக முழுப் பொப் இசைத்தட்டு ஒன்றின் நடுவில் நிற்கிறார்.

இரட்டை வயலின்

1980 அளவில், கருவி செய்யும் கலைஞர் கென் பார்க்கரின் உதவியோடு சங்கர் இரட்டை வயலினை உருவாக்கினார். ஒரே உடலில் இரண்டு கழுத்துகள். கழுத்துக்கு ஐந்து தந்திகள். ஒன்று வயலின், வயோலா ஆகியவற்றின் மேல்தாயியை எட்டும். மற்றது செல்லோ, டபுள் பேஸ் ஆகியவற்றின் கீழ்த்தாயிக்கு இறங்கும். மேற்கத்திய வாத்தியக்குழுவின் தந்திப் பிரிவு முழுவதும் பிடிக்கும் சுரங்களை ஒருவரே ஒரு வில்லால் எட்டலாம். மின்கருவியாதலால் இரு கழுத்தின் ஒலியும் ஸ்டீரியோவில் பிரிந்து கேட்கும்.

இக்கருவியோடு வந்த முதல் இசைத்தட்டு ‘ஹூஸ் ரு நோ’ (1981). உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் சாகிர் உசைனின் தபேலாவும் உடன் ஒலிக்க, அது முழுக்க முழுக்கக் கர்நாடக இசை. புதிய கருவியை முதலில் பழைய இலக்கணத்தில் நிறுத்திக் காட்டிவிட்டே அவர் பிற வகைகளுக்குக் கொண்டுபோனார். கமகம் இழையாகத் தேயாமல், கீழ்த்தாயியின் கனத்த தந்தியிலும் அசைந்து வருவது இதன் தனிச்சிறப்பு.

காலின்சும் கேப்ரியலும்

1981 ஜனவரியில் பில் காலின்ஸ் வெளியிட்ட ‘இன் தி எயர் ருநைற்’ உலகெங்கும் பரவிய பாட்டு. மூன்றரை நிமிடத்துக்கும் மேலாகப் பதுங்கியிருந்துவிட்டு இறங்கும் டிரம்ஸ் அடியை அறியாதவர் அரிது. அதில் வயலின் வாசித்தவர் சங்கர். அந்த வயலின் முன்னே வந்து நிற்பதில்லை. மின்னிசைப் பின்னணியோடு கலந்து பாட்டின் மனநிலையைத் தாங்குகிறது. வயலின் மேடையின் நடுவுக்கு வரவேண்டும் என்று விரும்பிய குடும்பத்தில் பிறந்தவர், பாட்டுக்குத் தேவையான இடத்தில் திரும்பவும் பக்கவாத்தியமாக நின்றார். பாடகருக்கு ஏற்ப வாசிக்கும் அந்தப் பழைய பயிற்சியே இங்கே கைகொடுத்தது. 1983இல் டோக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஸ்பீக்கிங் இன் ரங்ஸ்’ இசைத்தட்டிலும் இரட்டை வயலின் இடம்பெற்றது.

ஜெனசிசின் முன்னாள் பாடகர் பீற்றர் கேப்ரியலுடன் ஏற்பட்ட உறவு இன்னும் ஆழமானது. மார்ட்டின் ஸ்கோர்செசியின் படத்துக்காக அமைத்த ‘பாஷன்’ (1989) இசைத்தட்டில் நுஸ்ரத் பதே அலி கான், யூசு என்டூர் ஆகியோரின் குரல்களோடு இரட்டை வயலின் பேசுகிறது. இந்த இசைத்தட்டு 1990இல் கிராமி விருது பெற்றது. ‘அஸ்’ (1992) இசைத்தட்டிலும், அதையொட்டிய உலகப் பயணத்தின் மேடைப் பதிவான ‘சீக்ரட் வேர்ல்ட் லைவ்’விலும் சங்கர் வாசித்தும் பாடியும் இருக்கிறார்.

தி எபிடெமிக்ஸ்

சங்கரும் பாடகி கரோலினும் 1980களில் தொடங்கிய குழு இது. முதல் இசைத்தட்டை 1986இல் மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்டது. ஜாசுக்கும் அமைதியான வாத்திய இசைக்கும் பேர்போன அந்நிறுவனம் ஆங்கிலப் பொப் பாட்டுகளை வெளியிட்டது அதன் ரசிகர்களுக்குப் பெரும் வியப்பு. குழுவில் இருந்தவர்களைப் பார்த்தாலே இசையின் வேர் விளங்கும்: கிற்றார் ஸ்டீவ் வை (சாப்பாவின் குழுவிலிருந்து வந்தவர்); பேஸ் பேர்சி ஜோன்ஸ் (பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்த பிராண்ட் எக்ஸ் குழுவிலிருந்து வந்தவர்); சிந்தசைசர் கில்பேர்ட் கவ்மன்.

பாட்டுகள் குறுகியவை, பல்லவி நாவில் ஒட்டுபவை, டிரம் மெஷின் ஒலிப்பவை. கவனித்துக் கேட்டால் பேஸ் நேர்கோட்டில் நடக்காமல் வழுக்கிச் செல்வது தெரியும். குரலின் வளைவுகளில் கமகத்தின் சாயல் படிந்திருக்கும். சக்தியில் கணக்கு வெளிப்படையாகக் காட்டப்பட்டது. இங்கே அது பாட்டின் உள்ளே மறைந்து வேலை செய்கிறது. ஈசிஎம் ரசிகர்களில் பலருக்கு இது எளிமையாகத் தோன்றியது. பொப் சந்தைக்கோ விலகியதாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்க அவர் துணிந்ததே இந்த இசைத்தட்டின் மதிப்பு. குழுவின் மற்றொரு இசைத்தட்டான ‘ஐ கச்சர்’ 1989இல் வந்தது.

ஈழத்துச் சூழல்

தமிழ் இசை அதே காலத்தில் வேறிடங்களிலும் இந்த எல்லையைத் தொட்டது. எபிடெமிக்ஸ் வந்த 1986லேயே இளையராஜா, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் ரு நேம் இற்’ இசைத்தட்டை வெளியிட்டார். அதிலும் நடுநாயகம் வயலினே, வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இலங்கையில் 1960களின் இறுதி முதல் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பைலாத் தாளத்தில் வளர்த்த தமிழ்ப் பொப்பிசை, ஊர்ப்பேச்சையும் நகைச்சுவையையும் மேடையேற்றி மக்களிடம் வேரூன்றியது. அதற்கடுத்த கட்டமாக நுட்பமான பொப் இங்கே வளர்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளை உள்நாட்டுப் போர் விழுங்கியது.

போர் ஊர்களின் வாழ்வை எப்படி முடக்கியது என்பதற்குக் குடாநாட்டின் வடகரையிலுள்ள மயிலிட்டி கண்கூடான சான்று. பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகமாக இருந்த ஊர் 1990இல் முழுதாக இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்ட துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களுக்குத் திறந்தது. மின்சாரம் அறுந்த போர் ஆண்டுகளில் குடாநாட்டார் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். இசை மீதான வேட்கை குறையவேயில்லை. மேடையும் ஒலிப்பதிவுக் கூடமும் கருவியும் நிம்மதியான மாலைப்பொழுதும்தான் இல்லாமற்போயின.

மதிப்பீடு

சங்கர் பிற்காலத்தில் ஷெங்கர் என்ற பெயரிலும் இயங்கினார்; அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஹீரோஸ்’ இசையில் அவர் குரல் ஒலித்தது. 1997 முதல் புதிதாய்க் கூடிய சக்திக் குழுவில் அவர் இல்லை. அதில் பாடிய சங்கர் மகாதேவன் வேறொருவர்.

நுட்பமான பொப் இசைக்கு இவர் தந்த கொடை இரண்டு. கமகமும் தாளக் கணக்கும் மேற்கத்தியப் பாட்டின் மேல் தூவும் அலங்காரம் அல்ல, அதன் உள்கட்டமைப்பாகவே இருக்க முடியும் என்று காட்டினார். வயலினைத் தனி வாத்தியமாக்கும் தந்தையின் விருப்பத்தைப் பொப் இசைத்தட்டுவரை கொண்டுசென்றார். புதிதாகக் கேட்போர் ‘ஜோய்’, ‘தேர்ட்டீன்’, ‘இன் தி எயர் ருநைற்’, எபிடெமிக்சின் முதல் இசைத்தட்டு, ‘பாஷன்’ என்ற வரிசையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் வயலினும் மிருதங்கமும் பயிலும் மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்: தாங்கள் கற்கும் இலக்கணம் எந்த மேடைக்கும் எந்தப் பாட்டுக்கும் போதுமானது என்ற உறுதியை அவர்களுடைய ஊரில் வளர்ந்த ஒருவரே இவற்றில் பதிந்து வைத்திருக்கிறார்.