மின்தடை

ஒரு பொருள் தன் வழியே பாயும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு மின்தடை எனப்படும். அலகு ஓம். காஞ்சிபுரத்து அசல் ஜரிகையைக் கையில் எடுத்தால் பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது. நடுவே பட்டு நூல். அதைச் சுற்றி வெள்ளியும் செம்பும் கொண்ட தட்டைக் கம்பி. மேலே பொன் முலாம். மின்சாரத்தை விடாததும் தாராளமாக விடுவதும் ஒரே இழையில் இருக்கின்றன.

இந்த வேறுபாட்டை உலகுக்குக் காட்டியதும் பட்டுதான். 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே, மின்னூட்டத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோக ஒரு கயிற்றைப் பட்டு இழைகளில் தொங்கவிட்டார். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதிலாக அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின்னூட்டம் கம்பி வழியே கசிந்து போய்விட்டது. முன்பு மின்னூட்டம் கசியாமல் இருந்ததற்குக் காரணம் இழையின் மெலிவல்ல, பட்டு என்ற பொருளே என்று அவர் கண்டுகொண்டார். மின்னியலில் இத்தனை அழகான விபத்துகள் அதிகமில்லை.

எதிர்ப்பை எண்ணால் சொல்ல மேலும் நூறாண்டு ஆயிற்று. ஜெர்மனியின் கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றையும் ஒரே விதியில் இணைத்தார். 1833இல் சாமுவேல் கிறிஸ்டி அமைத்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரப்பிய ‘பாலம்’ என்ற மின்சுற்று, தெரியாத தடையைத் தெரிந்த தடைகளோடு தராசில் இடுவதுபோல ஒப்பிடுகிறது. அதிலுள்ள மின்னோட்ட அளவியின் முள் நடுவில் நின்றால் கணக்கு முடிந்தது; மின்கலம் சற்றுத் தளர்ந்தாலும் விடை மாறாது. ஓம் அலகுக்கு 1893இல் 106.3 செ.மீ. பாதரசத் தம்பத்தை அளவுகோலாக வைத்தார்கள். 1980இல் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு, எந்த ஆய்வகத்திலும் மாறாத 25,812.8 ஓம் என்ற அளவைத் தந்தது.

இணைப்பை ஒலியால் காட்டும் நிலையில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரு சாண் இடைவெளியில் அசல் ஜரிகைமேல் வைத்தால் கருவி ஒலிக்கும். பொன் நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் போலி இழை பெரும்பாலும் மௌனமாக இருக்கும். ஆனால் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கேட்டால் மின்தடை கைவிரித்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் வெள்ளியின் தடைத்திறன் 1.59, செம்பினுடையது 1.68 (பத்துக்கோடியில் ஒரு பங்கு ஓம்-மீட்டர் அலகில்). முனையை அழுத்தும் விதமும் கம்பி சுற்றிய நெருக்கமும் அந்தச் சிறு வித்தியாசத்தை விழுங்கிவிடும். விலையிலோ செம்பைவிட வெள்ளி பல மடங்கு உயர்ந்தது. ஆகவே உலோக விகிதத்தை அறிய எக்ஸ்-கதிர்க் கருவியை நாடுகிறார்கள். அதுவும் கிட்டாத இடத்தில், அசலா போலியா என்று மட்டுமாவது அறிய, ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இருக்கிறது.